நெடுந்தீவுக் குதிரைகள் எந்த மண்ணுக்கு உரியவை?

இராமேசுவரத்தில், இலங்கையின் நெடுந்தீவு என்றால் மீனவர் கைதுச் செய்திதான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கோ, அந்தத் தீவில் யாருக்கும் சொந்தமில்லாமல் மேயும் மட்டக் குதிரைகளும் நினைவுக்கு வரும். காட்டுக் குதிரை என்று நாம் சொன்னாலும், அவை ஐரோப்பியர் காலத்தில் கப்பலேறி வந்த வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை.

ஓர் உயிரினம் ஒரு மண்ணுக்கு உரியதா என்று பார்க்கும்போது, அது அங்கே தானாக வந்து சேர்ந்ததா, மனிதன் கொண்டுவந்து விட்டதா என்றே அறிவியல் முதலில் கேட்கும். இராமநாதபுரம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தாலும் அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம்தான்.

வியப்பு என்னவென்றால், குதிரைக்கும் அதுவே தாயகம். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நாயளவே இருந்த அதன் மூதாதையரின் புதைபடிவங்கள் வட அமெரிக்காவில் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வழிவந்த குதிரைகள் அலாஸ்காவையும் சைபீரியாவையும் அன்று இணைத்திருந்த பெரிங் நிலப்பாலத்தைக் கடந்து ஆசியாவில் பரவின. பிறந்த மண்ணில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. 1519இல் ஸ்பானியர் 16 குதிரைகளுடன் மெக்சிகோவில் இறங்கினார்கள். வீடு திரும்பியதா, புதிதாக நுழைந்ததா? உறைபனியில் கிடைத்த பழைய எலும்புகளின் மரபணு இன்றைய குதிரையோடு நெருங்கிப்போவதை ஒரு தரப்பு காட்டுகிறது. நாலாயிரம் ஆண்டுகள் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த விலங்கு பழைய குதிரை ஆகிவிடாது என்கிறது மறுதரப்பு. 1971இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் மேற்குப் பகுதி வரலாற்றின் வாழும் சின்னம் என்று சொல்லியே அங்கே கட்டற்றுத் திரியும் குதிரைகளைக் காத்தது.

நம் கரையில் இந்தக் குழப்பம் இல்லை. பாண்டியர் அரபு நாட்டுக் குதிரைகளை ஆண்டுதோறும் கடல்வழியே வாங்கினார்கள். சரியான பராமரிப்பின்றி அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததை 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்ட கதையும் கடற்கரையை நோக்கியே போகிறது.

வடக்கே, கோடியக்கரைச் சரணாலயத்தில் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகளின் சந்ததி வெளிமானின் புல்லை மேய்கிறது. சீமைக் கருவேல நெற்றைத் தின்று இலத்தியோடு விதையையும் பரப்புகிறது. அங்கே நான் வெளிமானின் பக்கம். குதிரைகளைக் குறைத்தே ஆக வேண்டும். நெடுந்தீவில் அப்படிப் புல்லுக்குப் போட்டியிட மான் கூட்டம் இல்லை. வறண்ட மாதங்களில் அங்கே குதிரைகள் நீருக்கு அல்லாடுகின்றன. தொட்டிகளில் நீர் நிரப்ப வேண்டும். தீவு தாங்கும் அளவை மீறிக் கூட்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.