பெண் பார்க்க வருகிறார்கள், என்ன க்ரீம் போடலாம்?

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். என் க்ளினிக்கில் கல்யாணக் கூட்டம் கூடுவது அந்த இரண்டு மாதங்களில்தான். இருபத்தைந்தை ஒட்டிய பெண், கூடவே அம்மா அல்லது அத்தை. நோய் என்று எதுவும் இருக்காது. "தை பொறந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க டாக்டர். அதுக்குள்ள முகம் கொஞ்சம் கலராயிட்டா போதும்." பெண் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தோல் மருத்துவர் என்றால் மேக்கப்பைத் திட்டுவார் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு மை, லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன் எதன் மேலும் வருத்தம் இல்லை. தரமானதாக வாங்கிப் போட்டு ராத்திரி கழுவிவிட்டுப் படுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் பயப்படுவது கழுவினாலும் போகாத மேக்கப்புக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அவசர அவசரமாகப் பூசத் தொடங்கும் 'சிவப்பாக்கும்' க்ரீமைச் சொல்கிறேன்.

இப்படி வந்த ஒரு பெண்ணின் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் நூல் நூலாகச் சிவந்த ரத்தக்குழாய்கள், தாடையோரம் புதிதாக முளைத்த பூனைமுடி, நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பருக்கள். வெயிலில் போனால் எரிகிறது, அடுப்படியில் நின்றாலும் எரிகிறது என்றாள். என்ன போடுகிறாய் என்று கேட்டதும் அம்மா முந்திக்கொண்டார்: "ஒண்ணும் போடறதில்ல டாக்டர், சாதா க்ரீம்தான்." சாதா க்ரீமைப் பையிலிருந்து எடுக்கச் சொன்னேன். பார்லரில் கொடுத்த, பெயரில்லாத ஒரு வெள்ளை டப்பா. மருந்துக்கடையில் வாங்கிய ஒரு ட்யூப். ட்யூபின் ஓரத்தில், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு, மூலப்பொருளில் மொமெட்டசோன்.

மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற நோய்களுக்கு, குறைந்த நாட்களுக்கு, நாங்களே எழுதித் தருகிற நல்ல மருந்து. முகத்தில் பூசினால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், நிறமி உற்பத்தியும் குறையும். அதனால் முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், தங்கைக்கும் ஒரு ட்யூப் வாங்கிவிடுவார்கள். அப்புறம்தான் தோல் மெலிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் பிரச்சினை என்று நாட்டின் பல ஊர்களில் தோல் மருத்துவர்களிடம் வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். சீட்டில்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு பிடியை இறுக்கியது. கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது.

பெயரில்லாத டப்பாவில் ஸ்டீராய்டுக்குப் பதில் பாதரசம் இருந்தால் ஆபத்து தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். 2023இல் கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகி, கால் வீங்கி வந்தவர்களை விசாரித்த கோட்டக்கல் மருத்துவர்கள், அவர்களில் பலரும் சிவப்பழகு க்ரீம் பூசியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று ஒரு க்ரீமில் எழுதியிருந்தால் அதில் பாதரசம் இருக்கலாம், குப்பையில் போடுங்கள். நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு எப்படி ஆகும்?

இந்த ஆசை ஆதியிலிருந்தே நம்மிடம் இருந்ததா என்றால், சங்கப் பாட்டு வேறு கதை சொல்கிறது. தலைவியின் அழகு மாமை, அதாவது மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்து போனால் அந்த நிறம் வெளுத்துப் பசலை படரும். தன் மாமையைப் பசலை தின்கிறதே என்று குறுந்தொகையில் வெள்ளிவீதியார் புலம்புகிறார். காதல் நோய்க்கு அடையாளமாக இருந்த வெளுப்பைத்தான் இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது. வரன் தேடும் விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் அப்படியே இருக்கிறது.

நிறம் கூடினால்தான் எதிரில் இருப்பவரைக் கவர முடியும் என்ற கணக்கும் சரியில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் காட்டிய விஷயம் இது: பெண்களின் முகத்தில் கண்ணுக்கும் உதட்டுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான நிற வேறுபாடு ஆண்களைவிட அதிகம், மேக்கப் அதையே இன்னும் தூக்கிக் காட்டுகிறது. நம் பாட்டிகள் மையையும் வெற்றிலையையும் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தார்கள், அதற்குத் தோல் நிறத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனில் 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், பெண்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட அளவைவிடக் குறைந்த மேக்கப்பே ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அதிகம் போட்டால்தான் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த நினைப்பு கல்யாணத்துக்குப் பிறகும் விடுவதில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் பருத் தழும்பு கணவர் கண்ணில் படக்கூடாது என்று, அவர் எழுவதற்கு முன்பே ஃபவுண்டேஷன் போட்டுக்கொள்வாளாம். ராத்திரி அவர் தூங்கிய பிறகுதான் கழுவுவாள், பல நாள் கழுவாமலே தூங்கிவிடுவாள். துவாரங்கள் அடைபட்டுப் பரு அதிகமானது, அதை மறைக்க இன்னும் கொஞ்சம் பூச்சு. அடுத்த முறை கணவரையும் கூட்டி வரச் சொன்னேன். தழும்பெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். "அது இல்ல டாக்டர், இவ ஏன் காலையில நாலு மணிக்கே எழுந்திருக்கறான்னுதான் எனக்குப் புரியல" என்றார்.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. லிப்ஸ்டிக் போட்டால் "யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்கிற கணவர்கள். உதட்டுச் சாயத்தால் எனக்கு மருத்துவ வேலை எப்போதாவதுதான் வருகிறது. அந்தக் கேள்வியால் தூக்கம் கெட்டு, முடி கொட்டி வருகிறவர்கள் அதைவிட அதிகம்.

கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ப்ளீச், ஃபேஷியல் எதுவானாலும் முகூர்த்தத்துக்கு முதல்நாள் முதன்முறையாகச் செய்யாதீர்கள். மேக்கப் ட்ரையலை சில வாரங்கள் முன்னதாக வைத்து, அன்று போட்டதையே கல்யாணத்தன்றும் போடச் சொல்லுங்கள். புதுப் பொருளை முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் அரித்தாலோ வெளுத்தாலோ உடனே நிறுத்துங்கள். அதன் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நிறமி செல்களையே அழித்துவிடும். மாப்பிள்ளைகளே, தாடிக்கு டை அடிப்பதாக இருந்தால் உங்களுக்கும் அதே முழங்கைச் சோதனைதான்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல மாதம் பூசியிருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், தோல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். டாக்டரிடம் போகும்போது முகத்தில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், பார்லர் டப்பா உட்பட.