கீமோதெரபி – வேதிச்சிகிச்சை

"நாளைக்கு மூன்றாவது கீமோ" என்பார்கள். பேச்சில் பாதிச் சொல்லே போதுமாகிவிட்டது. முழுச்சொல் கீமோதெரபி, புற்றுநோய்க்கு மருந்து செலுத்தித் தரும் சிகிச்சை.

கீமோ, கெமிஸ்ட்ரியோடு பிறந்த சொல். வேரைத் தோண்டிக்கொண்டே போனால் அரபியின் 'அல்-கீமியா' வரும், அதற்கும் அடியில் கிரேக்கத்தின் 'கீமியா'. மலிவான உலோகத்தைப் பொன்னாக்கப் பார்த்த ரசவாதம்தான் அது. தெரபியும் கிரேக்கம்தான், அங்கே அதன் முதற்பொருள் பணிவிடை.

இந்த இரண்டையும் ஒட்டிப் பெயராக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக். அவர் மனத்தில் இருந்தது புற்றுநோய் அல்ல, தொற்றுநோய். 1910இல் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு அவர் கொண்டுவந்த சால்வர்சான் என்ற ஆர்சனிக் மருந்தும் கீமோதெரபிதான். அந்தக் கணக்கில் இன்று நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கும் கீமோதான்! 1942இல், நச்சுவாயுவான மஸ்டர்ட் கேஸின் உறவுக்காரப் பொருள் ஒன்றை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கின, பிறகு திரும்பி வந்தன. போர்க்கால ரகசியம் என்பதால் 1946இல்தான் விவரம் வெளியானது. அதற்கப்புறம் சொல்லும் மெல்லப் புற்றுநோய்ப் பக்கம் ஒதுங்கிவிட்டது.

சரி, தமிழில்? 'ரசாயன சிகிச்சை' எனக்குப் பிடிக்கவில்லை. ஆயுர்வேதத்தில் ரசாயனம் உடம்பைத் தேற்றும் மருந்து; இன்றைய காதுக்கோ பூச்சிக்கொல்லி. இரண்டுமே இங்கே பொருந்தாது. 'வேதிப்பண்டுவம்' நல்ல தமிழ், ஆனால் பண்டுவம் என்றால் மருத்துவம் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கும். 'வேதிச்சிகிச்சை' போதும். வேதித்தல் என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல், குறிப்பாக உலோகத்தைப் பொன்னாக்குதல். ஆக, கீமோவும் வேதியும் ஒரே உலைக்களத்திலிருந்து வந்தவை.

பெயர் இப்படி இருந்தாலும் மருந்தின் வேலை, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குவது. முடிவேர், வாயின் உட்தோல், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பிரிபவை. அதனால்தான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விடுவது இவை மீண்டெழத்தான்.

'கரண்ட் வைப்பது' இதல்ல, அது கதிர்வீச்சு. நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்தும் ட்ரிப்பில்தான் ஏறும், அதையும் கீமோ என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் பக்கவிளைவு வேறு. மாத்திரையாகத் தரும் கீமோவும் உண்டு. ஏறுவது எது என்று மருத்துவரிடம் பெயர் கேட்டுக்கொள்வது நல்லது.