ஓரியல் கிரேயின் நாடகம் ஏன் பெட்டிக்குள் கிடந்தது?

ஆஸ்திரேலிய நாடகம் என்றாலே 1955-ஐத்தான் சொல்வார்கள். ரே லாலரின் 'சம்மர் ஆஃப் த செவன்டீன்த் டால்' அந்த ஆண்டு நாடக எழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, லண்டன் போய், நியூயார்க் போய், சினிமாவாகவும் வந்தது. அதே முதல் பரிசைச் சரிசமமாகப் பங்குபோட்டுக்கொண்ட இன்னொரு நாடகமும் உண்டு. ஓரியல் கிரே எழுதிய 'த டோரன்ட்ஸ்'.

பழைய நாடகப் பிரதிகளைப் பராமரிப்பது என் வேலை. நல்ல எழுத்து எப்படியும் நிலைத்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். உடனே இந்த நாடகத்தைத்தான் எடுத்துச் சொல்வேன். 1890களின் தங்கச் சுரங்க ஊர் ஒன்றில், பத்திரிகை அலுவலகத்துக்கு ஜே.ஜி. மில்ஃபோர்ட் என்பவரை வேலைக்கு எடுக்கிறார்கள், ஆண் என்று நினைத்து. வந்து நிற்பது ஜென்னி என்ற பெண். தங்கத்தையே நம்பியிருக்கும் ஊருக்குப் பாசனத் திட்டம் வேண்டுமா என்ற சண்டையும் கூடவே ஓடுகிறது. கிரே சிட்னியின் இடதுசாரி நியூ தியேட்டரில் வளர்ந்தவர். பள்ளிக்கூடக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பழங்குடிச் சிறுமியை மரியாளாக நடிக்க வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று 1950-லேயே நாடகம் எழுதியவர்.

'த டோரன்ட்ஸ்' புத்தகத்தில் அச்சேற 1988 ஆனது. அதுவரை தட்டச்சுப் பிரதிதான். 2019-ல், கிரே இறந்து 16 வருடம் கழித்து, அது மறுபடியும் பெரிய மேடை ஏறியது.

அந்தக் காலத்து நாடகப் பிரதி பெரும்பாலும் கார்பன் நகலாகவோ, ஸ்டென்சில் வைத்து எடுத்த சைக்ளோஸ்டைல் நகலாகவோ இருக்கும். தாள் மெல்லிசு, ஓரம் பழுத்து, மடித்த இடத்தில் உடையும்; குண்டூசி துருப்பிடித்துப் பழுப்பு வட்டம் விட்டிருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், இரண்டுமே தாளைக் கெடுத்துவிடும். அமிலமில்லாத உறையில் வைத்தால் போதும். அப்புறம், பென்சில் கிறுக்கல்களை அழிக்க வேண்டாம். எந்த வசனத்தை வெட்டினார்கள், யார் எங்கிருந்து மேடைக்கு வந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலில்தான் இருக்கும், அச்சுப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது.

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஈயூனிஸ் ஹேங்கர் என்ற ஆசிரியை அச்சேறாத ஆஸ்திரேலிய நாடகங்களின் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இன்று அவை அங்கேயே ஃப்ரையர் நூலகத்தில் இருக்கின்றன. அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால் இந்தத் தாள்களெல்லாம் பழைய பேப்பர்காரரிடம்தான் போயிருக்கும்.

சரி, பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. யாராவது எடுத்து நடிக்க வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு, அதாவது கிரேயின் நாடகங்களுக்கு 2073 வரை. அதனால் பிரதியை ஒப்படைக்க வரும் குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது, உரிமை யார் பெயரில் இருக்கிறது, நாளைக்கு ஒரு நாடகக் குழு வந்து கேட்டால் யாரிடம் பேச வேண்டும் என்பதுதான். அந்தக் குறிப்பு உறையின் மேலேயே இருக்க வேண்டும்.