காரைக்குடி விடுதிக்கு சர்வர் எந்த ஊரில்?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடொன்றை விடுதியாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறை பதிவு செய்யும் இணையதளத்தை கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் கணினியில், போட வேண்டும். கிளவுட் என்றாலும் ஏதோ ஒரு ஊரில், ஒரு கட்டடத்துக்குள் ஓடும் கணினிதான். அந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது நாம்தான். பலரும் கண்ணில் முதலில் படும் அமெரிக்கத் தரவு மையத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு ஆதங்கம்.

தரவு கண்ணாடி இழைக் கேபிளில் ஒளியாகத்தான் போகிறது; அந்த இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். காரைக்குடியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,200 கி.மீ.; போய்வர 12 மில்லிநொடி. அமெரிக்காவின் வர்ஜீனியா ஏறத்தாழ 14,000 கி.மீ.; போய்வர 140. கேபிள் சுற்றிச் செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். அதுவும் ஒரு நடையில் வேலை முடியாது. இணைப்பு ஏற்படுத்த ஒன்று, தகவலைப் பூட்டும் ரகசியச் சாவியை இரு பக்கமும் முடிவு செய்ய ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. மூன்று நடைக்கு மும்பை என்றால் 36, வர்ஜீனியா என்றால் 420 மில்லிநொடி.

சரி, மும்பையோ சென்னையோ என்று முடிவு செய்துவிடலாமா? மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். இந்திய மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நீர், அணு, காற்று மின்சாரத்தில் ஓடும் ஸ்வீடனில் அது 50 கிராமுக்கும் கீழே. குளிர்ந்த காற்று வெளியிலேயே கிடைப்பதால் அங்கே ஏசி செலவும் குறைவு.

பக்கத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் தென்னக மின்தொகுப்பு (தென் மாநிலங்களை இணைக்கும் மின்கம்பி வலை) 2013 கடைசியில் நாட்டின் தொகுப்போடு இணைந்துவிட்டது. கமுதி மின்சாரமும் நெய்வேலி மின்சாரமும் ஒரே கம்பியில் கலந்துதான் வரும். அதனால் இந்தியாவுக்குள் எந்த ஊர் என்பதைவிட எந்த நேரம் என்பதே முக்கியம்: வெயில் உச்சியில் இருக்கும்போது சூரிய மின்சாரத்தின் பங்கு கூடும்.

எனவே நான் முதலில் கேட்கும் கேள்வி: இந்த வேலைக்காக யாராவது காத்திருக்கிறார்களா? அறை பதிவுக்கு ஆள் காத்திருக்கிறார். அது இந்தியாவிலேயே இருக்கட்டும். மாதக் கணக்கு, பழைய படங்களைச் சுருக்குவது போன்றவற்றுக்கு யாரும் காத்திருப்பதில்லை, மதியம் ஓடட்டும். மணிக்கணக்கில் ஓடும் கனமான கணக்கு, ஆனால் அனுப்ப வேண்டிய தரவு கொஞ்சம்தான் என்றால் ஸ்வீடனுக்கே அனுப்பலாம். விருந்தினரின் பாஸ்போர்ட் நகல்களை மட்டும் அப்படி அலையவிட வேண்டாம்.

அப்புறம், முகப்புத் தூண்களின் படம். கேமராவில் எடுத்த 5 எம்பி கோப்பை அப்படியே ஏற்றாமல் 300 கேபிக்குச் சுருக்கி, அதன் பிரதியை சிங்கப்பூரிலும் வைத்துவிட்டால், அங்கிருந்து தளத்தைத் திறக்கும் உறவினருக்காக அந்தப் படம் ஒவ்வொரு முறையும் கடல் தாண்ட வேண்டியதில்லை.