பாராசிட்டமால் விஷமா? பாராசெல்சஸ் சொன்ன பதில்

"காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் கல்லீரலுக்கு விஷம் என்கிறார்களே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் எவ்வளவு போட்டால் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் பதினாறாம் நூற்றாண்டு மருத்துவரான பாராசெல்சஸ்.

சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். தந்தையும் மருத்துவர். 1527-இல் பாசெல் நகர மருத்துவரானார். லத்தீனை விட்டு ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தினார், பழைய மருத்துவ நூல்களை வெளிப்படையாகச் சாடினார். மறு வருடமே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பாதரசம் போன்ற உலோகங்களை மருந்தாகக் கொடுத்ததால், நோயாளிக்கு நஞ்சு கொடுக்கிறார் என்ற பழியும் வந்தது. அதற்கு 1538-இல் பதில் எழுதினார்: எல்லாப் பொருளும் நஞ்சுதான், அளவு ஒன்றுதான் ஒரு பொருளை நஞ்சில்லாததாக்குகிறது.

கல்லீரலுக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த வாக்கியம் எவ்வளவு துல்லியமானது என்று தெரியும். நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியோடு குளுகுரோனிக் அமிலமோ சல்பேட்டோ ஒட்டிக்கொள்ள, அது சிறுநீரில் போய்விடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் சைட்டோகுரோம் நொதிகளிடம் சிக்கி, 'நாப்கி' என்ற மூர்க்கமான பொருளாக மாறுகிறது. ஒரே ஒரு மாத்திரை போட்டாலும் இது உருவாகும்! உருவான கையோடு, கல்லீரல் செல்களில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதைப் பிடித்து முடக்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

அளவு மீறினால் சல்பேட் வழி நிரம்பிவிடுகிறது. மிஞ்சிய மருந்து நொதிகள் பக்கம் திரும்புகிறது, நாப்கி பெருகுகிறது, குளுட்டாதயோன் கரைகிறது. விலங்குச் சோதனைகளில், குளுட்டாதயோன் இருப்பில் சுமார் 70 சதவீதம் தீரும்வரை செல்கள் தாக்குப்பிடித்தன. அதற்கப்புறம் நாப்கி கல்லீரல் செல்களின் புரதங்களிலேயே போய் ஒட்ட, செல்கள் மடியத் தொடங்கின. ஒரே பொருள், ஒரே உறுப்பு. கையிருப்பு தீருகிற இடத்தில் மருந்து நஞ்சாகிறது. எனக்கு மருந்தியலில் இதைவிட அழகான கணக்கு தெரியாது.

முறிமருந்தும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தால் உடல் மறுபடி குளுட்டாதயோன் தயாரித்துக்கொள்ளும். அளவு மீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். ஆனால் முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் ஆபத்து. அளவு மீறியது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைப் பார்க்கும் வசதி ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். அதற்கு அரசு தாராளமாகவே செலவழிக்கலாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். "மூலிகைதான், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பவரை நம்பாதீர்கள். மூலிகைக்கும் அளவு உண்டு.

பாராசெல்சஸின் விதியை எல்லாவற்றுக்கும் சால்ஜாப்பாக்கவும் கூடாது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல எந்த அளவும் கண்டறியப்படவில்லை. சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சு பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. உலோகப் புகையை நெடுநாள் சுவாசிக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் நோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். அவர் இறந்து 26 ஆண்டுகள் கழித்து, 1567-இல்தான் அது அச்சானது.