மனனம்: சிந்தித்தலைக் குறித்த சொல் நெட்டுருவான வரலாறு

தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்ற எவருக்கும் மனனம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. தமிழ்ப் பாடநூலில் ஒரு செய்யுளுக்கு அருகே நட்சத்திரக் குறி இட்டிருந்தால் அது மனப்பாடப் பகுதி என்றும், தேர்வில் 'அடிபிறழாமல் எழுதுக' என்று அதிலிருந்து ஒரு வினா வரும் என்றும் பிள்ளைகள் அறிவார்கள். அப்பகுதியைப் பாராமல் சொல்லும் அளவுக்குப் படித்து வைத்துக்கொள்வதையே ஆசிரியர்களும் பெற்றோரும் மனனம் செய்தல் என்கிறார்கள். இன்றைய வழக்கில் மனனமும் மனப்பாடமும் ஒரே பொருள் தரும் இரு சொற்கள். ஒன்று சற்று ஏட்டுத்தன்மை உடையது, மற்றொன்று பேச்சில் புழங்குவது என்பதே வேறுபாடு. ஆனால் மனனம் தமிழுக்கு வந்தபோது இப்பொருளோடு வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி நெஞ்சில் இருத்துவதை அன்று; கேட்டதைத் தானே எண்ணிப் பார்த்து, ஐயங்களை எழுப்பி, அவற்றுக்கு விடை தேடுவதையே அது குறித்தது.

மனனம் வடசொல். 'மன்' என்னும் வடமொழி வினையடிக்கு நினைத்தல், எண்ணுதல் என்பன பொருள். மந்திரம் என்ற சொல்லும் அவ்வடியிலிருந்து கிளைத்ததே. பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு ஆன்மாவைப் பற்றி உரைக்கும்போது, அது கேட்கப்பட வேண்டியது, சிந்திக்கப்பட வேண்டியது, இடைவிடாது தியானிக்கப்பட வேண்டியது என்கிறார். இம்மூன்றையும் பிற்கால வேதாந்திகள் சிரவணம், மனனம், நிதித்தியாசனம் எனப் பெயரிட்டுக் கல்வியின் படிகளாக வகுத்தார்கள். ஆசிரியர் சொல்வதைக் காதால் வாங்குவது முதற்படி. அப்படி வாங்கியது பொருந்துமா, பொருந்தாதா என்று தருக்க முறையில் ஆராய்ந்து மனத்தின் தடைகளை நீக்கிக்கொள்வது இரண்டாம் படி. மனனம் என்பது இந்த இரண்டாம் படியின் பெயர்.

இதற்கு நேரான தமிழ்ச் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. சைவ சித்தாந்த நூல்கள் ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக எண்ணுகின்றன. வேதாந்திகளின் சிரவணம் இங்கே கேட்டல். மனனம் இங்கே சிந்தித்தல். சிந்தித்தலுக்கு அடுத்த படியாகத் தெளிதல் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்: சிந்திக்காமல் தெளிவு பிறவாது என்ற அறிவு அந்த வரிசையிலேயே அமைந்திருக்கிறது.

பின் எவ்வாறு இச்சொல் நெட்டுருவுக்குப் பெயராயிற்று? மனம், மனப்பாடம் ஆகிய சொற்களின் ஒலி நெருக்கமே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. 'மன' என்று தொடங்குவதால், மனத்தில் பதிய வைப்பதுதான் மனனம் என்று காது தானே பொருள் கொண்டுவிடுகிறது. சமய நூல் பயிற்சி அருகி, பள்ளித் தேர்வு பெருகிய சூழலில் பழைய பொருளை நினைவூட்டுவாரும் குறைந்தனர். சொற்கள் பொருள் மாறுவது எம்மொழிக்கும் இயல்புதான். ஆயினும், சிந்தித்தலுக்கு உரிய சொல் சிந்திக்காமலும் செய்யக்கூடிய ஒரு செயலுக்குப் பெயரானதை நான் வருத்தத்தோடுதான் பார்க்கிறேன். ஏனெனில் நம் வகுப்பறைகளில் நிகழ்ந்ததும் இதுவே.

மனப்பாடம் என்ற தொடரில் உள்ள பாடமும் வடமொழி வழி வந்ததே. உரக்க ஓதுதல் என்பது அதன் முதற்பொருள். வேதம் ஓதுவோர் சொற்களைத் தனித்தனியே பிரித்தும், அடுத்தடுத்து இணைத்தும், முன்னும் பின்னுமாக மாற்றிக் கோத்தும் ஓதும் முறைகளுக்குப் பதபாடம், கிரமபாடம், ஜடாபாடம், கனபாடம் என்று பெயர். கனபாடத்தில் முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும், பின்பு இரண்டும் ஒன்றும், பின்பு ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மீண்டும் ஒன்று இரண்டு மூன்று என ஒவ்வொரு கோவையும் திரும்பித் திரும்பி வரும். ஓரிடத்தில் ஒரு சொல் பிசகினாலும் கோவை காட்டிக்கொடுத்துவிடும். கனபாடிகள் என்ற பட்டப்பெயர் இம்முறையில் தேர்ந்தவர்களுக்கு உரியது. எழுத்தின் துணையின்றி ஒரு பனுவலைக் காப்பதற்கு இதைவிட வலுவான பூட்டு இல்லை.

மனப்பாடத்துக்குத் தமிழில் நெட்டுரு என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை உருவேற்றுதல் என்றும், எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதை நூற்றெட்டு உரு, ஆயிரத்தெட்டு உரு என்றும் கூறுவர். அந்த உருவே உருப்போடுதல் என்ற வினையிலும் இருக்கிறது. நெடுமையோடு எழுத்துச் சேர்ந்து நெட்டெழுத்து ஆவதுபோல, நெடுமையோடு உருச் சேர்ந்து நெட்டுரு ஆகிறது. செயலின் தன்மையைச் சொல் ஒளிக்கவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லிப் பழக்குவது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஈழத் தமிழர் பாடமாக்குதல் என்பர். மலையாளத்தில் இதே பொருளுக்குக் காணாப்பாடம் என்ற அழகிய தொடர் உண்டு. ஏட்டைக் காணாமல் சொல்லும் பாடம் என்று அது விரியும். நம் மாணவர் பேச்சில் மக்கப் அடித்தல், கடம் அடித்தல் என்பன புழங்குகின்றன. உடன் வரும் 'அடித்தல்' என்ற வினையே அவ்வேலை அவர்களுக்கு எத்தகைய அனுபவமாக இருக்கிறது என்பதைக் கூறிவிடுகிறது.

நெட்டுருவை இழிவாகப் பேசுவது என் நோக்கமன்று. ஓலைச்சுவடி ஒன்றைப் படியெடுக்கப் பல நாள் ஆகும் காலத்தில், மாணவன் தன்னோடு கொண்டு செல்லக்கூடிய நூலகம் அவன் நெஞ்சு மட்டுமே. அதனால்தான் அகராதி போன்ற நூலும் செய்யுளாகவே எழுதப்பட்டது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் ஆனது. ஆத்திசூடி உயிரெழுத்து வரிசையில் அறம் செய விரும்பு, ஆறுவது சினம் என்று தொடங்குவதும், அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவதும் நினைவுக்குக் கொக்கி போடும் உத்திகளாகவும் பயன்பட்டன. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றப் பிள்ளைகள் பின்னே சொல்லி எண்சுவடியை உருவேற்றினார்கள். நிலமும் நெல்லும் அளக்கும் கணக்குக்கு மாவும் காணியும் முந்திரியும் வேண்டியிருந்தன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இத்தகைய பின்னங்களை நாவின் நுனியில் வைத்திருந்தவன் களத்துமேட்டில் நின்றபடியே கணக்கை முடித்தான். இன்றும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தயக்கமின்றி வரும் பிள்ளைக்கு, கணக்கின் வழியைப் பற்றி எண்ணுவதற்கு மனம் மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் விரல் விட்டு எண்ணும் பிள்ளை வழியைத் தவறவிடுகிறது.

ஆகவே நெட்டுரு வேண்டுமா வேண்டாவா என்பது பயனற்ற வாதம். கற்றலில் அதற்குரிய இடம் எது என்பதே கேட்க வேண்டியது. இதற்குத் தமிழில் மிகத் தெளிவான விடை கூறும் நூல், பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல். இலக்கணத்துக்குள் நுழையும் முன், பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் யார், மாணாக்கர் யார், கற்பிப்பது எப்படி, கற்பது எப்படி என்று அது விரிவாகப் பேசுகிறது. நூலைப் பயிலும் இயல்பைக் கூறும் நூற்பாவில் வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், ஆசானை அடுத்து மீண்டும் கேட்டல், தக்காரோடு பயிலுதல், வினாதல், வினாயவற்றுக்கு விடை கூறல் என்று கடமைகள் தொடர்ந்து வருகின்றன. பாடம் போற்றல் என்பதே இன்று நாம் மனனம் என்று சொல்வது. அதற்கு அடுத்து நிற்கும் 'கேட்டவை நினைத்தல்' என்பதே மனனத்தின் உண்மையான பொருள். இரண்டும் அடுத்தடுத்து, இரண்டு தனிச் செயல்களாக வைக்கப்பட்டுள்ளன. ஒன்று மற்றொன்றாகிவிடும் என்று பவணந்தியார் எங்கும் கருதவில்லை. போற்றல் என்ற சொல்லும் எண்ணத்தக்கது. போற்றுதல் என்றால் புகழ்தல் மட்டுமன்று, பேணிக் காத்தலும் ஆகும். பிறரிடமிருந்து பெற்ற ஒன்றைச் சேதமின்றி வைத்துக்கொள்வது பாடம் போற்றல். அதைத் தனதாக்கிக்கொள்வது அதற்குப் பின் வரும் வேலை.

அடுத்து வரும் நூற்பாக்கள் இன்னும் வியப்பானவை. ஆசிரியர் உரைத்ததை மாணவன் முழுக்கவனத்தோடு கேட்டாலும் கால் பங்குப் புலமைதான் கைவரும் என்கிறது நன்னூல். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதே நிறையும். வகுப்பில் ஒருவர் பேச நாற்பது பேர் வாய்மூடி அமர்ந்திருக்கும் கல்வி இந்தக் கணக்கின்படி கால் பங்கைத் தாண்டாது. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க இயலாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் கமழாத பூவுக்குத் திருக்குறள் ஒப்பிடுவதும் இதையொட்டியதே.

ஆசிரியருக்கும் அதே பாயிரம் இலக்கணம் வகுக்கிறது. விரையாமலும் சினவாமலும் முகமலர்ந்தும், 'கொள்வோன் கொள்வகை அறிந்து' அவன் உள்ளம் கொள்ளும்படி நூலைக் கொடுக்க வேண்டும். மாணவன் எவ்வழியில் வாங்கிக்கொள்வான் என்று கண்டறிவது கற்பிப்பவரின் பொறுப்பு என்பது இதன் பொருள். ஆசிரியர் ஆகத் தகாதவரைச் சொல்லும்போது வரும் உவமைகளுள் ஒன்று கழற்குடம். கழற்சிக்காய்களைக் குடத்தில் ஒவ்வொன்றாக இட்டு நிரப்பினால், கவிழ்க்கும்போது இட்ட முறையில் வெளிவாரா, தாறுமாறாக உருண்டோடும். முறையாகக் கற்றிருந்தும் முறையின்றிக் கற்பிப்பவருக்கு இது உவமை.

கொள்வகை அறிதல் என்பதை நான் எட்டு வயதில் கண்ணால் கண்டேன். 'கற்க கசடறக் கற்பவை' என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். கசடு என்றால் என்ன என்று எங்கள் ஆசிரியை கேட்டபோது வாய் திறக்கவில்லை. குற்றம் என்று வாய்பாடாகச் சிலர் சொன்னார்கள். அவர் அதை மறுக்கவில்லை. மழை பெய்து கலங்கியிருந்த கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சன்னல் திண்டில் வைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார். மதிய மணி அடிப்பதற்குச் சற்று முன் அந்தச் செம்பை மெதுவாகச் சாய்த்து, மேலே தெளிந்த நீரை ஒரு குவளையில் வடித்தார். அடியில் விரல் நகக் கனத்துக்குச் செம்மண் குழம்பாகப் படிந்திருந்தது. ஒவ்வொருவராக விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லி, "இதுதான் கண்ணு கசடு. படிச்சதுல இது தங்கக் கூடாது" என்றார். குறள் அதற்கு முன்பே எனக்கு நெட்டுருவாக இருந்தது. அன்று சோற்றுக்குக் கை கழுவும்போது, எனக்குள் எந்தெந்தப் பாடத்தில் எல்லாம் அடிமண் தங்கியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன். மனனம் என்ற சொல்லின் மூலப்பொருளைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அறிந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் செம்புதான்.

எழுதும்போதும் பேசும்போதும் இந்த வேறுபாட்டைக் காப்பது கடினமன்று. பத்துக் குறளை உருப்போட்டான், வாய்பாடு அவளுக்கு நெட்டுருவாக வரும் என்று இயல்பாகவே எழுதலாம். மனப்பாடம் என்று எழுதினாலும் குழப்பமில்லை. அச்சொல் தன் பொருளில் நிலைத்திருக்கிறது. மனனத் திறன் என்று பயிற்சிக் குறிப்புகளில் எழுதுவோர் பெரும்பாலும் நினைவாற்றலைத்தான் கருதுகிறார்கள். அங்கே நினைவாற்றல் என்றே எழுதிவிடலாம். பழைய சமய, தத்துவ நூல்களில் மனனம் வருமிடத்தில் அதை மனப்பாடம் எனப் பெயர்த்தால் பொருள் தலைகீழாகும். அங்கே சிந்தித்தல் என்றே கொள்ள வேண்டும்.

இவற்றோடு உடன் வைத்து அறிய வேண்டிய சொல் ஒன்று உண்டு. மனப்பாடம் செய்ததை ஆசிரியர் முன் சொல்லிக் காட்டுவதை ஒப்பித்தல் என்கிறோம். ஒப்புவித்தல் என்பதன் சுருக்கம் அது. நம்மிடம் உள்ள பொருளை உரியவர் கையில் சேர்ப்பித்தல் என்பது அதன் பொருள். அடைக்கலமாக வந்த நகையைக் குறையாமல் உடையவரிடம் ஒப்புவிப்பதற்கும், கேட்ட செய்யுளை அடிபிறழாமல் ஆசிரியரிடம் ஒப்புவிப்பதற்கும் தமிழில் ஒரே வினைதான். போற்றுதலும் ஒப்புவித்தலும் இவ்வாறு ஒரே செயலின் தொடக்கமும் முடிவுமாக நிற்க, அவற்றுக்கு இடையில் மாணவன் தனியே இருந்து செய்ய வேண்டியதற்கே மனனம் என்று பெயர்.