வலி மாத்திரைய நிறுத்தினா உடம்பு ஏன் இப்படிப் படுத்துது?

போதைக்கு அடிமைன்னு சொன்னா நம்ம மனசுல வர்ற ஆள் வேற, நம்ம ஓபில வந்து உட்கார்ற ஆள் வேற. முதுகு டிஸ்க் விலகினவங்க, முட்டி தேஞ்சவங்க, பைக் ஆக்சிடென்ட்ல கால்ல பிளேட் வச்சவங்க, சிசேரியனுக்கு அப்புறம் ஆரம்பிச்ச இடுப்பு வலிக்கு யாரோ எழுதிக் கொடுத்த மாத்திரைய நாலு வருஷமா விடாம போடற அம்மா, இப்படித்தான் வர்றாங்க. இவங்க யாரும் போதைக்காக ஆரம்பிக்கல, ஒரு டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதின சீட்டு, அதே சீட்டக் காட்டி மெடிக்கல்ல வாங்கி, அப்புறம் சீட்டே இல்லாம பேர் சொல்லி வாங்கி, கடைசில அட்டை அட்டையா வாங்கி வீட்டு அலமாரில வைக்கற அளவுக்குப் போயிருக்கும்.

நான் சொல்றது பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைய இல்ல. டிரமடால், டேபென்டடால், கோடீன் கலந்த மருந்துங்க, மார்ஃபின், தோல்ல ஒட்டற ஃபென்டனில் பேட்ச், இதெல்லாம் ஓபியாய்டு குடும்பம், அபினோட சொந்தக்காரங்க. 2019ல மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட சர்வேல ஓபியாய்டு எடுக்கறவங்க நாட்டுல சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர்னு வந்துச்சு, அதுல ஹெராயினுக்கு அடுத்த இடத்துல இருந்தது மருந்துக்கடைல கிடைக்கற ஓபியாய்டுதான். 2018 ஏப்ரல்ல டிரமடால போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அது சரியான முடிவுதான், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. பல வருஷமா போட்டுட்டு இருக்கறவருக்கு ஒரு திங்கக்கிழமை காலைல கடைக்காரர் "இனிமே சீட்டு இல்லாம தர முடியாதுண்ணா"ன்னு சொன்னதும் செவ்வாய்க்கிழமை அவர் உடம்பு ஆட ஆரம்பிச்சிடும், அதுக்கு என்ன பேருன்னே தெரியாம ஃபுட் பாய்சன், வைரல் ஃபீவர்னு கேஷுவால்டிக்குப் போய் நிப்பார்.

ஒரு லாரி டிரைவர் பத்தி சொல்றேன், அடையாளம் தெரியாம மாத்திதான் சொல்றேன். சங்ககிரி பக்கம், நாப்பது வயசு தாண்டினவர், முதுகு வலிக்கு டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை, தினம் பத்து. ஒரு மாத்திரைல டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். பத்துக்குக் கணக்கு போட்டா டிரமடால் 375, பாராசிட்டமால் மூணேகால் கிராம். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகக்கூடாதுங்கறதுதான் அந்த மாத்திரையோட எல்லை. டிரமடால் ஒரு பக்கம் இருக்கட்டும், இவ்வளவு பாராசிட்டமால்ல இவர் லிவருக்கு என்ன ஆகுதுன்னு யாரும் பார்த்ததே இல்ல. கார்த்திகை மாசம் மாலை போட்டார், போட்ட அன்னிக்கே மாத்திரைய மொத்தமா விட்டுட்டார். (மாலை போட்டு குடிய நிறுத்தற வழக்கம் நமக்குத் தெரியும், நிறைய குடிக்கறவங்க அதையும் அப்படி டாக்டர் இல்லாம ஒரேயடியா நிறுத்தறது ஆபத்துதான், அத இன்னொரு நாள் பேசலாம்.) மறுநாள் சாயங்காலம் கொட்டாவி, கொட்டாவி மேல கொட்டாவி, கண்ணுல மூக்குல தண்ணி, ராத்திரி முழுக்க கால் குடைச்சல், படுக்கவும் முடியல நிக்கவும் முடியல, அடுத்த நாள் வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு, இடுப்பு வலி பழையத விட ரெண்டு மடங்கு. மூணாவது நாள் தாங்காம அஞ்சு மாத்திரைய ஒண்ணா போட்டார். ஒரு மணி நேரத்துல எல்லாம் போச்சு. அவர் எடுத்த முடிவு என்னன்னா, "டிஸ்க் ரொம்ப மோசமாயிருக்கு டாக்டரே, மாத்திரை இல்லாம நான் உயிரோட இருக்க முடியாது".

பொறி இருக்கறது இங்கதான். அந்த மூணு நாள் அவரப் பாடாப் படுத்தினதுல டிஸ்க்கோட பங்கு கம்மி, மாத்திரையோட வேகம் உடம்புல இறங்கினதோட பங்குதான் பெருசு. மாத்திரை இறங்கறப்போ வலியத் தாங்கற சக்தி தற்காலிகமா குறையும், பழைய வலி இருந்த இடத்துலேயே வந்து உட்காரும், அதனால எது வியாதி எது மாத்திரையோட வேலைன்னு போடறவருக்கே தெரியாது. ரொம்ப நாள் கூடுதல் டோஸ் எடுத்தா ஓபியாய்டே வலி உணர்வ அதிகமாக்கறதும் சிலருக்கு நடக்கும். படிப்படியா குறைச்சு வெளிய வந்த பிறகு, முன்ன விட வலி கம்மியா இருக்குன்னு சொல்றவங்க உண்டு, அவங்களே நம்ப மாட்டாங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு அவருக்கு வண்டிக் கணக்குலதான் சொன்னேன். மூளைத்தண்டுல லோகஸ் செருலியஸ்னு ஒரு சின்ன இடம், நார்அட்ரினலின்ங்கற உசுப்பி விடற ரசாயனம் மூளைக்குள்ள பெரும்பாலும் அங்கிருந்துதான் போகுது. ஓபியாய்டு அதுமேல பிரேக் மாதிரி உட்காருது, தினமும் பிரேக் இருக்கறதால அந்த செல்லுங்க கூடுதலா ஆக்சிலேட்டர் மிதிச்சு வண்டிய ஓட்டப் பழகிடுது, திடீர்னு நீங்க பிரேக்குல இருந்து கால எடுத்தா வண்டி என்ன ஆகும்? நெஞ்சு படபடப்பு, வேர்வை, பிபி ஏர்றது, கண் பாப்பா விரியறது, தூக்கம் ஓடிப் போறது எல்லாம் அதுதான். குடல்லயும் இதே கதை, மாத்திரை போடறப்போ மலச்சிக்கல், நிறுத்தினா பேதி. அக்னி நட்சத்திர வெயில்ல ஃபேன் கூட சுத்தாத ரூம்ல ஒருத்தர் கையில மயிர் குத்திட்டு நிக்கறத டார்ச் அடிச்சுப் பார்த்தா அவர் வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

நாள் கணக்கு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். சாதாரண டிரமடால், டேபென்டடால்னா கடைசி மாத்திரைக்கு அப்புறம் அரை நாள்ல இருந்து ஒரு நாளுக்குள்ள ஆரம்பிக்கும், ரெண்டாவது மூணாவது நாள் உச்சம், அஞ்சுல இருந்து ஏழு நாள்ல உடம்புக் கஷ்டம் பெரும்பாலும் இறங்கிடும், சிலருக்குப் பத்து நாள். மெதுவா கரையற மாத்திரைன்னா கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கும். தூக்கமின்மை, எதுலயும் மனசு ஒட்டாம இருக்கறது, எரிச்சல், இது வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். வீட்டுல இருக்கறவங்க இத முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும், பத்தாவது நாள் "இன்னும் என்ன மூஞ்சத் தூக்கி வச்சிட்டு இருக்க"ன்னு ஒரு வார்த்தை விட்டா அது போதும் அவர் திரும்ப கடைக்குப் போக.

டிரமடால்ல மட்டும் கூடுதலா ஒரு விஷயம். அது ஓபியாய்டா வேலை செய்யறதோட, சில டிப்ரஷன் மாத்திரைங்க மாதிரி செரோடோனின், நார்அட்ரினலினையும் பிடிச்சு வைக்கும். அதனால நிறுத்தறப்போ சிலருக்கு வழக்கமான லிஸ்ட்ல இல்லாததெல்லாம் வரும், தலைக்குள்ள கரன்ட் அடிக்கற உணர்வு, திடீர் பயம், குழப்பம், இல்லாதது தெரியறது, கேக்கறது. வீட்டுல உடனே மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னு சொல்லல, வர்ற வழியில ஆஸ்பத்திரிக்கும் வந்துட்டுப் போங்க. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல போடறவங்களுக்கு வலிப்பு வர்ற அபாயம் அதிகம், அது மாத்திரைய நிறுத்தினாதான் வரும்னு இல்ல, போட்டுட்டு இருக்கறப்பவே வரும்.

சரி எப்படித்தான் நிறுத்தறது? வீராப்பா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, அவ்வளவுதான் என் கட்சி. அமெரிக்கால இத பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அங்க ஓபியாய்டு சாவு கூடிப் போச்சுன்னு 2016ல புது வழிகாட்டுதல் வந்ததும் நிறைய இடத்துல டாக்டருங்க பயந்து போய் நோயாளிங்களுக்கு டோஸ சரக்குன்னு வெட்டினாங்க, தாங்க முடியாத வலி, மன உளைச்சல், தற்கொலை வரைக்கும் போனதா தகவல் வந்து 2019 ஏப்ரல்ல அங்க மருந்துகளக் கட்டுப்படுத்தற எஃப்டிஏ திடீர்னு நிறுத்தாதீங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. 2022ல திருத்தின வழிகாட்டுதல்படி, ஒரு வருஷத்துக்கு மேல எடுக்கறவங்களுக்கு மாசத்துக்கு பத்து சதவீதம் இல்ல அதவிட மெதுவா குறைக்கறதுதான் பெரும்பாலும் தாங்கும். கொஞ்ச வாரமோ கொஞ்ச மாசமோ மட்டும் எடுத்தவங்க இன்னும் வேகமா குறைக்கலாம். இந்த வேகத்த உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிக் குறைச்சார்னு பார்த்து பண்ணாதீங்க.

அந்த டிரைவருக்கு நாங்க பண்ணினது சொல்றேன். முதல்ல எட்டுக்குக் கீழ கொண்டு வந்து, பாராசிட்டமால் கலக்காத டிரமடாலுக்கு மாத்தி, லிவர் டெஸ்ட் எடுத்து, அப்புறம் படி படியா. அவர் வீட்டு ராணிமுத்து காலண்டர்லயே ஒவ்வொரு கட்டத்துலயும் அன்னிக்கு எத்தனைன்னு அவர் சம்சாரம் பேனால எழுதினாங்க, மாத்திரை அவங்க கையில, காலைல அன்னியோட பங்கு மட்டும் ஒரு சின்ன டப்பால வரும். ஒரு கட்டத்துல கஷ்டமாச்சுன்னா அதே கட்டத்துல இன்னும் ரெண்டு வாரம் நிப்போம், ஆனா மேல ஏற மாட்டோம், இதுதான் ஒப்பந்தம். லோடு ஏத்தி வடக்க போற வாரத்துல குறைக்கறதில்ல. ஒண்ணு முக்கியம், எஸ்ஆர்னு போட்டிருக்கற மெதுவா கரையற மாத்திரைய குறைக்கறேன்னு பாதியா உடைச்சோ நசுக்கியோ போடாதீங்க, பல மணி நேரத்துல இறங்க வேண்டியது ஒண்ணா இறங்கிடும்.

இடையில கஷ்டத்தக் குறைக்க மருந்து இருக்கு. குளோனிடின்னு ஒரு பழைய பிபி மாத்திரை, மேல சொன்ன அந்த ஆக்சிலேட்டர இறக்கறதுதான் அதோட வேலை, வேர்வை படபடப்பு நல்லா அடங்கும், ஆனா பிபி இறங்கி எழுந்து நிக்கறப்போ கண்ண இருட்டிட்டு விழுவாங்க, அதனால படுத்தும் நின்னும் பிபி பார்த்துதான் கொடுப்போம், சொந்தமா வாங்கிப் போடற மருந்து இல்ல. பேதிக்கு லோபெரமைட் கொஞ்சம் உதவும், அட்டைல போட்டிருக்கற அளவத் தாண்டினா இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாந்திக்கு, வயித்து முறுக்கலுக்கு, தூக்கத்துக்குத் தனித்தனியா கொடுப்போம். தூக்கம் வரலன்னு அல்பிரசோலம்ங்கற பதட்டத்துக்கான மாத்திரைய வாங்கிப் போடறது, ஒரு குவாட்டர் அடிச்சிட்டுப் படுக்கறது, நரம்பு வலிக்குக் கொடுக்கற பிரிகாபலின ஏத்திக்கறது, இதெல்லாம் ஓபியாய்டு உடம்புல இருக்கறப்போ சேர்ந்தா மூச்சையே அடக்கிடும்.

அதிகமா எடுத்தவங்க, மாத்திரைய ஊசியா ஏத்திக்கற நிலைக்குப் போன பசங்க, பல தடவை முயற்சி பண்ணித் தோத்தவங்க, இவங்களுக்கு பியூப்ரினார்ஃபின்னு ஒரு மருந்து, இதுவும் ஓபியாய்டு குடும்பம்தான். நாக்குக்கு அடில வச்சு கரைய விடணும், முழுங்கினா சரியா வேலை செய்யாது. கஷ்டம் நல்லா ஆரம்பிச்ச பிறகுதான் முதல் டோஸ், பழைய மாத்திரை உடம்புல இருக்கறப்பவே கொடுத்தா அரை மணி நேரம், ஒரு மணி நேரத்துல எல்லாத் தொந்தரவும் மொத்தமா வந்து இறங்கும். ஒரு போதைக்கு பதிலா இன்னொரு போதையான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. இல்லங்க, சுகர்காரர் இன்சுலின் போடறத யாரும் அப்படிக் கேக்கறதில்ல. இத மாசக்கணக்குல, வருஷக்கணக்குல எடுத்துட்டு வேலைக்குப் போய் பிள்ளைய படிக்க வைக்கறவங்க இருக்காங்க, அவசரப்பட்டு நிறுத்தச் சொல்றது அவங்க உயிரோட விளையாடறது.

வீட்டுல பண்ணக்கூடியதுன்னா ஓஆர்எஸ், மோர், கஞ்சி, இளநி, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. கால் குடைச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம், சுடுதண்ணிக் குளியல், ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல நடந்தாலும் பரவால்ல, படுக்கைல புரள்றத விட அது மேல். காபி குறைங்க. ஆனா வாந்தி நிக்காம ஒண்ணுக்கே போகல, வலிப்பு, நினைவு தடுமாற்றம், நெஞ்சு வலி, சாகலாம்னு பேசறாங்க, இதுல எது வந்தாலும் கஞ்சி வச்சுட்டு உட்காராதீங்க, 108.

எல்லாரும் மூணாவது நாளுக்குத்தான் பயப்படறாங்க, நான் அதிகம் பயப்படறது அதுக்கு அப்புறம் வர்ற மாசங்களுக்கு. மாத்திரைய நிறுத்தின உடம்பு பழைய டோஸத் தாங்காது. முன்ன பத்து போட்டப்போ ஒண்ணும் ஆகல, இப்போ ஒரு கல்யாண வீட்டு அலைச்சல், ஒரு சண்டை, அதே பத்த ஒண்ணா போட்டா மூச்சு நின்னு போகலாம், கூட சரக்கும் சேர்ந்தா சொல்லவே வேண்டாம். எழுப்பினா எழாம, கண் பாப்பா ஊசி முனையா சுருங்கி, உதடு நீலமாகி, மூச்சு மெதுவா குறட்டையா வந்தா அது நல்ல தூக்கம் இல்ல, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு உடனே ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரில ஓபியாய்டோட வேலைய முறிக்கற நாலாக்ஸோன் கொடுத்தா திரும்ப வருவாங்க. அதனால மீதி அட்டை வீட்டுல இருக்கக்கூடாது, அலமாரில, பைக் பெட்டில, லாரி டேஷ்போர்டுல எங்கயும்.

மேல சொன்னது ரெண்டு வகை ஆளுங்களுக்கு அப்படியே பொருந்தாது. கர்ப்பமா இருக்கறவங்க சொந்தமா குறைக்கவே கூடாது, திடீர்னு நின்னா குழந்தைக்கு ஆபத்து, கரு கலையலாம், குறைமாசத்துல வலி வரலாம், நேரா டாக்டர்கிட்ட வாங்க, திட்ட மாட்டோம். இன்னொண்ணு கேன்சர் வலிக்கு மார்ஃபின் எடுக்கறவங்க. தயவு செஞ்சு இதப் படிச்சிட்டு அப்பாவோட மார்ஃபின ஒளிச்சு வைக்காதீங்க. வலியோட கிடக்கறவங்களுக்கு மார்ஃபின் சுலபமா கிடைக்கணும்னுதான் 2014ல அந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தையே திருத்தினாங்க.

எங்க போறதுன்னா, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம், சென்னைல கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம், அடையாறு இந்திரா நகர்ல போதை மீட்புக்கான டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு. போன்ல பேசணும்னா டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. வர்றப்போ வீட்டுல இருக்கற எல்லா அட்டையையும் கொண்டு வாங்க, காலி அட்டையும் சேர்த்து, வேற என்னென்ன மாத்திரை போடறீங்கன்னும். எத்தனை போடறீங்கன்னு கேட்டா பாதியா குறைச்சு சொல்லாதீங்க, பத்துக்கு அஞ்சுன்னு சொன்னா நாங்க அஞ்சுல இருந்து குறைக்க ஆரம்பிப்போம், முதல் நாளே உங்க உடம்பு பாதிக்கு மேல வெட்டு வாங்கிடும்.